இரண்டாவது வெடி

நாங்கள் ஆறு வருடமாக ஒரு றிவோல்வரின் மேல் சோறு சமைத்துச் சாப்பிட்டோம். எனக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அடுப்பு மூட்டும்போது சிலுவை போட்டுக்கொள்வார். அதை நான் பக்தி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஆளைச் சுடும் துவக்கு அல்ல. குழல் முழுவதும் இரும்பால் அடைத்தது. குண்டு போட ஏலாது. விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவர்களை ஓடவிட, கையை உயர்த்தி வெடிச் சத்தம் மட்டும் எழுப்புவதற்கென்றே செய்தது. உருளையில் ஆறு சிறு கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கேப், அதாவது சின்னப் பொட்டு வெடி, வைத்து விசையை இழுத்தால் உருளை ஒரு கிண்ணம் நகரும், சுத்தியல் விழும், படார்! எங்கள் அப்பா ஊர்காவற்றுறையில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். தை, மாசி பிறந்தால் அக்கம்பக்கத்து ஊர்களான சரவணையிலிருந்தும் புளியங்கூடலிலிருந்தும் வீட்டுக்கு ஆள் வரும், “மாஸ்ரர், துவக்கோட வாங்கோ” என்று. அது அவருடைய சொந்தத் துவக்கு. படித்துக்கொண்டிருந்த காலத்தில் கொழும்பில் வாங்கியதாம்.

தொண்ணூறில் சண்டை வந்து எங்கள் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது எனக்கு ஏழு வயது. அப்பா அதையும் கொண்டுபோக நினைத்தாராம். அம்மா விடவில்லை. வழியில் எந்தப் பக்கத்தார் மறித்துப் பையைத் திறந்தாலும், ‘இது விளையாட்டுத் துவக்கு’ என்று சொல்லி முடிக்க முன்னமே கதை முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்திருந்த வீட்டில் அப்பா நெஞ்சு வருத்தம் வந்து போய்விட்டார். தொண்ணூற்றாறில் நானும் அம்மாவும் திரும்பி வந்தோம். வீட்டில் கூரை இல்லை, கதவில்லை, கதவு நின்ற நிலையும் இல்லை. குசினியில் கடல் பாறையிலிருந்து வெட்டிய முருகைக்கல்லால் கட்டிய அடுப்பு மேடை மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அம்மா அதைச் சுற்றி வந்து கையால் தட்டிப் பார்த்தார். பிறகு மூன்று கல்லைத் தேடி எடுத்து அந்த மேடையிலேயே அடுப்பு மூட்டினார்.

இரண்டாயிரத்து இரண்டில், சமாதான காலம் வந்து, பாதை திறந்து, யாழ்ப்பாணக் கடைகளில் சாமான் நிறைந்த வருடத்தில்தான் விடயம் வெளியே வந்தது. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தேன். காத்திருப்பது என்றால் எனக்குச் சுகமில்லாமல் வந்துவிடும். வீட்டில் இருந்த றேடியோ, ஸ்திரிக்கைப்பெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டி முடித்திருந்தேன். மிஞ்சியது அம்மாவின் தையல் மெசின் ஒன்றுதான். அதையும் அவர் கண்ணை எடுக்காமல் காத்ததால்தான் மிஞ்சியது. அப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபர் வீட்டுக்கு வந்தார், தொண்டர் ஆசிரியராக வந்து கணிதம் படிப்பிக்க முடியுமா என்று கேட்க. சின்ன வயதில் அப்பாவின் வெடிக்கு ஓடியவர் அவர். நான் “ஓம்” என்று சொன்னதும் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு தன்னுடைய கவலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கடைசிக் கவலை விளையாட்டுப் போட்டி.

“போன முறை ரெண்டு பலகையை அடிச்சுத்தான் ஓட விட்டனாங்கள். பெடியள் எல்லாம் பலகையைத் திரும்பித் திரும்பிப் பாக்கிறாங்கள். கழுத்தைப் பின்னால வைச்சுக்கொண்டு என்னெண்டு முன்னால ஓடுறது? மாஸ்ரற்ற துவக்கு இருந்தால் எவ்வளவு நல்லம்!”

குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அது இஞ்சதான் கிடக்கு.”

அதிபர் தேநீரைக் கீழே வைத்தார். “எங்கயக்கா?”

“அடுப்புக்குக் கீழ.”

அதிபர் சிரித்தார். அம்மா கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் அதிபரின் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லியிருக்கக் கூடாது என்பது அம்மாவுக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்க வேண்டும். உடனே சொன்னார்: “கடலில போடுறதுக்குத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். நாளைக்குத் தம்பியிட்டக் குடுத்து ஆழத்தில போடுவிக்கிறன்.”

தம்பி என்றது என் மாமாவை. அம்மாவின் ஒரே சகோதரம், கடல் தொழில். அடுத்த நாள் காலை அவர் அலவாங்கோடு வந்து அடுப்பு மேடையைக் கிளப்பினார். உள்ளே பால்மா வந்த தகர ரின் ஒன்று. மூடியைத் திறந்ததும் மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினோம்.

விடயம் இதுதான். அம்மா கடற்கரைக் குடும்பத்தில் பிறந்தவர். வள்ளத்தின் பலகையை உப்புத் தின்னாமல் இருக்க எங்கள் ஊரில் சுறா எண்ணெய் பூசுவார்கள். அம்மாவும் அதையே செய்திருந்தார். றிவோல்வரை ரின்னுக்குள் வைத்து, அது மூழ்கும்வரை சுறா எண்ணெய் ஊற்றி, மூடி, மேடைக்குள் வைத்துப் பூசிவிட்டார். ஆனால் சுறா எண்ணெய் காலம் போகப் போக இறுகும். பலகையில் அது இறுகுவதால்தான் காவல். மேலே ஆறு வருடம் மூன்று நேரமும் அடுப்பு எரிந்து, எண்ணெய் காய்ந்து காய்ந்து, ரின்னுக்குள் பனம்பாணி இறுகியது போல ஒரு கறுத்தப் பாணிக்கட்டி இருந்தது. கட்டிக்கு நடுவில் துவக்கின் பிடி மட்டும் தலை காட்டியது.

“எங்கட அப்பு சுறா எண்ணெய் பூசின வள்ளத்தில ஒரு பலகை உக்கேல்லை, தெரியுமோ?” என்றார் அம்மா.

“அம்மா, பலகை அசையத் தேவையில்லை. துவக்கு அசையோணும்.”

“அப்ப நல்லதாப் போச்சு. அசையாததைக் கடலில போடுறது லேசு.”

மாமா ரின்னைத் தூக்கிப் பார்த்தார். “அக்கா, இது நங்கூரமாக்கூடப் பாவிக்கலாம்.”

நான் ரின்னைப் பறித்துக்கொண்டு அதிபரிடம் ஓடினேன்.

அதிபர் கெட்டிக்காரர். துவக்கைத் தொட முன்னமே கடற்படை முகாமுக்குச் சொல்லி அனுமதி எடுக்க வேண்டும், அதுவரை ரின் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். சின்ன வயதில் அப்பா கழற்றித் துடைக்கப் பார்த்த ஞாபகத்தில் நான் இரவோடிரவாகப் படம் கீறினேன்: றிவோல்வரை நடுவால் வெட்டினால் உள்ளே எப்படியிருக்கும், குழல் எங்கே அடைபட்டிருக்கிறது, கேப் எங்கே இருக்கும் என்று அளவுகோல் வைத்துக் கீறிய படம். அதைப் பார்த்துவிட்டு அம்மா தலையில் கை வைத்தார். “துவக்குப் படம் கீறிக்கொண்டு நேவிக்காரனிட்டப் போற முதல் ஆள் நீதான். போ, போ. பங்குச் சுவாமியிட்டையும் சொல்லிப்போட்டுப் போ.”

முகாமில் இருந்த அதிகாரி படத்தை நேராகப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னேரம் தானே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அக்கம்பக்கத்துக் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா முற்றத்தில் நின்றார். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் ஒரு ஈர்க்கு வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னதும் அம்மா ஒரு முழு விளக்குமாற்றையே கொண்டுவந்து நீட்டினார். அவர் ரின்னிலிருந்து துவக்கைப் பிடியில் பிடித்து ஒருவாறு வெளியே இழுத்து, ஒரு ஈர்க்கை உருவி அதன் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். நகக்கண் அளவு போய் நின்றுவிட்டது. விசையை இழுத்தார். கல்லு மாதிரி இருந்தது. மீதி விளக்குமாற்றை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, “துவக்கைவிட இது ஆபத்தானது” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் சேலைத் தலைப்பை விட்டுவிட்டார்.

அனுமதி கடிதமாகவே கிடைத்தது. பள்ளிக்கூடத்து இரும்பு அலுமாரியில்தான் இருக்க வேண்டும். வெடி வைத்துப் பார்க்க முன் ஒவ்வொரு தடவையும் முகாமுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் பழக்கக் கூடாது, அவர்களுக்கு முன்னால் போட்டி நாளில் மட்டும் வெடிக்கலாம். போகும்போது அவர் என்னிடம் சொன்னார், இது வேலை செய்தால் போட்டி பார்க்கத் தானும் வருவதாக. செய்யாது என்ற நிச்சயம் அவர் குரலில் இருந்தது. அந்த நிச்சயத்துக்கு நான் இன்றைக்கும் நன்றியாக இருக்கிறேன். இல்லாவிட்டால் அந்த மாரிகாலம் முழுவதும் அப்படிப் பிடிவாதமாக வேலை செய்திருப்பேனா தெரியாது.

பாடம் முடிந்ததும் அதிபரின் மேசையில் பேப்பர் விரித்து வேலை தொடங்குவேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். பாணிக்கட்டிக்கு அது தண்ணீர் மாதிரி. சலவைச் சோடாவைக் கரைத்துக் கொதிக்க வைத்தபோதுதான் அது மனமிரங்கியது. பள்ளிக்கூடம் முழுவதும் செத்த சுறாவின் நாற்றம். ஒன்பதாம் வகுப்புப் பெடியள் யன்னலால் எட்டிப் பார்த்து, “ரீச்சர், மத்தியானச் சாப்பாடு என்ன?” என்று கேட்பார்கள். ஆனால் கறுப்புத் தோல் உரிந்து ஒரு இடத்தில் இரும்பு தெரிந்தபோது வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நீலம் பூத்த புது இரும்பு. ஒரு துளி கறளோ துருவோ இல்லை. எங்கள் ஊரில் உப்புக் காற்றுக்குக் கதவுப் பிணைச்சல் இரண்டு வருடம் தாங்காது. அடுத்த வீட்டு இரும்பு கேற் கையோடு கழன்று வரும். பன்னிரண்டு வருடம் கிடந்த இந்தச் சாமானில் அப்பா கொழும்பில் வாங்கிய நாளின் நிறம் அப்படியே இருந்தது. அம்மா போட்டது பிழையான எண்ணெய்தான். சரியான எண்ணெய் என்றால் அது எப்போதோ வடிந்து போயிருக்கும், துவக்கும் மண்ணாகியிருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். “அங்கால போ, மீன் மணக்குது” என்றார்.

ஆணிகளைக் கழற்ற மாமாவின் வள்ளத்து எஞ்சின் சாமான்களில் ஒன்றும் பொருந்தவில்லை. சைக்கிள் கம்பி ஒன்றின் முனையை அராவி நானே ஒரு சின்ன ஸ்குறூ ட்றைவர் செய்தேன். உள்ளே ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் துடைத்து, இடம் மாறாமல் பேப்பரில் வட்டம் போட்டு வைத்தேன். யாழ்ப்பாணத்து விளையாட்டுச் சாமான் கடையில் பிள்ளைகளின் துவக்குக்குப் போடும் கேப் வளையங்கள் வந்திருந்தன. அதை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்தால் அளந்து செய்தது போலப் பொருந்தியது.

முதல் பரீட்சைக்கு முகாமுக்கு ஆள் அனுப்பினோம். பள்ளிக்கூடப் பின்வளவில் அதிபர், மாமா, அம்மா. அம்மா வந்தது துவக்கைப் பார்க்க அல்ல. நான் கையைச் சுட்டுக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்ததாகச் சொன்னார். கையை உயர்த்தினேன். விசையை இழுத்தேன். படார்! புளியமரத்துக் காகங்கள் எல்லாம் கிளம்பின. நான் துள்ளினேன். அதிபர் கை தட்டினார்.

“இன்னொண்டு வையும்” என்றார்.

இழுத்தேன். டிக். திரும்ப இழுத்தேன். டிக். உருளை அசையவில்லை. சுத்தியல் வெடித்து முடிந்த பழைய கிண்ணத்திலேயே போய்ப் போய் விழுந்தது.

“முதலாவது வெடிக்கிறது காணாதே?” என்று கேட்டார் மாமா.

“காணாது” என்றார் அதிபர். “ரெண்டாவதுதான் முக்கியம். ஆரும் வெடிக்கு முன்னம் பாய்ஞ்சு ஓடினால் உடன ரெண்டாவது வெடி வைக்கோணும். அதைக் கேட்டால் எல்லாரும் நிண்டு திரும்பி வரோணும். மாஸ்ரர் ரெண்டாவது வைக்காமல் ஒரு போட்டி முடிஞ்சதில்லை. அதுக்குத்தானே ஆறு கிண்ணம்.”

“அப்ப இது போகச் சொல்லும், வரச் சொல்லாது” என்றார் மாமா. “எங்கட அரசாங்கம் மாதிரி.”

அம்மா சிரிக்காமல் என்னைப் பார்த்தார். “சரி, கேள் பிள்ளை. நான் இதை வீட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு பன்னிரண்டு வருஷம் நித்திரை கொள்ளேல்லை. இனியும் ஏலாது. போட்டியண்டு ரெண்டு வெடியும் பிழையில்லாமல் வெடிச்சால் பள்ளிக்கூடம் வைச்சிருக்கட்டும். ஒண்டு புசுக்கெண்டு போனாலும் அண்டைக்குப் பின்னேரமே கடல். வேலைக்கு உதவாத துவக்குக்காக நான் ஏன் பயப்பிடோணும்?”

நியாயமான பேச்சு. அதிபர் கூடத் தலையை ஆட்டினார்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நேரம் எடுக்கவில்லை. உருளையை நகர்த்தும் ஒரு சின்ன நாக்கு. அதை நிமிர்த்தி வைக்கும் கம்பி முதல் வெடியோடு உடைந்திருந்தது. ஒரு பயற்றங்காய் விதையளவுக் கம்பி. அழுத்தினால் வளைய வேண்டும், விட்டால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். பேனைக்குள் இருக்கும் சுருளைப் போட்டேன். வளைந்தது, உருளையைத் தள்ளப் பலமில்லை. சைக்கிள் கம்பியைப் போட்டேன். வளைந்தது, வளைந்தபடியே இருந்தது. மாமா தூண்டில் முள் ஒன்று தந்தார். வளையவே இல்லை, முறிந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் மாமாவிடம் கடல் எங்கே ஆழம் என்று விசாரிப்பது எனக்குக் கேட்கத்தான் செய்தது.

ஒரு மழை நாளில் மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நனைந்தபடி வந்தார், கையில் குடையோடு. அம்மாவின் கறுத்தப் பூசைக் குடை. உள்ளங்கையை விரித்து, ஒரு சின்னக் கம்பியை மேசையில் வைத்தார். குடைக் காம்பில், குடை விரிந்தபின் மடங்காமல் பிடித்து நிற்குமே, அந்தக் கம்பி.

“அழுத்தினால் உள்ளுக்குப் போகுது, விட்டால் வெளியால வருது. நீ சொன்னது இதைத்தானே?”

“மாமா! அம்மா கொல்லுவா.”

“உன்னையில்லை, என்னைத்தான். நீ வேலையைப் பார்.”

வெட்டினேன், அராவினேன், பொருத்தினேன். உருளை கடக் கடக்கென்று ஒவ்வொரு கிண்ணமாக நகர்ந்தது. அடுத்த பரீட்சையில் ஆறு வெடியும் வெடித்தன. திரும்பவும் ஆறு. நான் அலுமாரியைப் பூட்டிவிட்டு மழைக்குள் ஓடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அங்கே வேறு வெடி.

“குடை விரியுது, நிக்குதில்லை. என்னடா செய்தனி?”

“குடையில பிழையில்லை அக்கா. காத்துத்தான் கூட.”

“காத்தோ? காம்புக்குள்ள இருந்த கம்பியையும் காத்தோ கழட்டினது?”

மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் அம்மா குடையை ஒரு கையால் விரித்துப் பிடித்து, மற்றக் கையால் செபமாலையைப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போனார். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் தன் தம்பியின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார்.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம் அம்மா என் வலக்கையை நீட்டச் சொல்லி அளந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை.

“என்னத்துக்கு?”

“முடிவுக் கோட்டில மணிக்கூட்டோட நிக்கிறவை சத்தத்தைக் கேட்டு அமத்திறேல்லை. சத்தம் பிந்தித்தான் வரும். அவை புகையைத்தான் பாக்கிறவை. பின்னால கறுப்பு இருந்தால்தான் வெள்ளைப் புகை தெரியும். உன்ர கொப்பருக்கும் நான்தான் தைச்சுக் குடுத்தனான்.” தையல் மெசினில் கிடந்த கறுத்தத் துணியைப் பார்த்தேன். குடை. கம்பிகளை எல்லாம் பிடுங்கி, துணியை மட்டும் விரித்து வைத்திருந்தார். “நிக்காத குடையை வைச்சு என்ன செய்யிறது? பிள்ளை, இது நாளைக்கு நீ வெக்கப்படாமல் இருக்கிறதுக்கு. மற்றது, நான் சொன்ன சொல்லு சொல்லுத்தான். ஒண்டு பிழைச்சாலும் கடல்.”

அந்தக் கறுத்தக் கைத்துணியை இப்போது நினைத்தாலும் என் கை நிமிர்கிறது. அம்மா பயந்து வெறுத்த ஒரு சாமான் நன்றாகத் தெரிய வேண்டுமென்று, பூசைக்குப் போகும் குடையைக் கிழித்துத் தைத்துத் தந்திருக்கிறார்.

போட்டி நாள். போட்டியிடும் இல்லங்களின் கொட்டில்கள் தென்னோலையும் கடதாசிப் பூவுமாகச் சோடித்துக் கிடந்தன. முகாமுக்குக் காலையிலேயே சொல்லியாயிற்று. எல்லாக் காவலரண்களுக்கும் சொல்லிவிட்டதாக அதிகாரி ஆள் அனுப்பியிருந்தார். கொஞ்ச நேரத்தில் தானும் வந்து பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார். அதிபர் என்னைத் தொடக்கக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “நீர்தான் வையும். மாஸ்ரற்ற மகள் வைக்கிறதைச் சனம் பாக்கட்டும்.”

ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்கள், இது விளையாட்டுத் துவக்கு, ஒருவரும் பயப்பட வேண்டாம் என்று. இருந்தாலும் முதல் வெடிக்குப் பெண்கள் பக்கத்தில் பல தலைகள் குனிந்தன. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பு. சின்னப் பெட்டையள் ஓடி முடித்தார்கள். முடிவுக் கோட்டில் நின்றவர் கையை உயர்த்திக் காட்டினார்: புகை தெரிந்தது.

அடுத்தது பதினைந்து வயதுப் பெடியளின் இருநூறு மீற்றர். “ஆயத்தம்” என்றேன். விரல் விசையில். நான் இழுக்கிற கணத்துக்குச் சற்று முன்னமே மூன்றாம் பாதைப் பெடியன் பாய்ந்துவிட்டான். என் வெடியும் கிளம்பிவிட்டது. இதோ, அது வந்துவிட்டது. மூன்று வாரம் என் நித்திரையைத் தின்ற அந்த இரண்டாவது வெடி. கை உயர்ந்தபடியே இருந்தது. இழுத்தேன்.

படார்!

குடைக் கம்பி காப்பாற்றிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே கையை இறக்கி, ஓட்டக்காரர் நின்று திரும்புவதற்குப் பார்த்தேன்.

ஒருவனும் நிற்கவில்லை. இரண்டாவது வெடி கேட்டதும் அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். தலையைக் குனிந்து, வளைந்து வளைந்து, பாதைக் கோடுகளை எல்லாம் மறந்து ஓடினார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். கயிற்றைத் தாண்டினார்கள். இருவர் வேலிக்கு மேலால் பாய்ந்து ஒழுங்கைக்குள் மறைந்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டு நின்ற சின்னப் பெடியளிலும் கொஞ்சப் பேர் பின்னால் ஓடினார்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு ஆணியையும் அளந்த நான், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வசனம் சொல்லவில்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து ஒரு வெடி கேட்டால் காது கொடுப்பார்கள், இரண்டாவது கேட்டால் ஓடுவார்கள். இரண்டாவது வெடிக்குத் திரும்பி வருவது என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதிபர் விசிலை ஊதினார். விசிலுக்கு ஆர் நிற்கிறார்கள்! ஒலிபெருக்கிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. எங்கள் வளவில் கோழி கலைக்கும் குரல், எனக்குத் தெரியாதா!

“டேய் பெடியள்! எங்கையடா ஓடுறியள்? திரும்பி வாங்கோ! ரெண்டு வெடி எண்டால் திரும்பி வாறது! ஒண்டுக்குப் போறது, ரெண்டுக்கு வாறது! வாங்கோடா இஞ்சால!”

அம்மா மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றிருந்தது. இரண்டு கைகளாலும் கூப்பிட்டுக்கொண்டு, “வாங்கோ, வாங்கோ” என்று பாதையின் நடுவால் போனார். முதலில் ஒருவன் நின்றான். பிறகு மற்றவன். வேலிக்கு அங்காலே இரண்டு தலைகள் எழும்பின. வெட்கத்தோடு, மூச்சிரைத்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சனம் முழுவதும் கை தட்டியது. ஓடி வென்றவர்களுக்குக்கூட அன்று அப்படிக் கை தட்டவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பகிடி. பெடியளுக்குத் திரும்பி வருவது பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்திலும் எவனாவது வேண்டுமென்றே முன்னால் பாய்வான். நான் இரண்டாவது வெடி வைப்பேன். ஆறு பேரும் சட்டென்று நின்று, திரும்பி, பெரிய மனிதரைப் போல நடந்து வருவார்கள். சனமும் “ரெண்டு! ரெண்டு!” என்று கத்தும். இரண்டாவது வெடி ஒரு தடவையும் பிழைக்கவில்லை. கடைசி அஞ்சலோட்டத்துக்குக் கேப் முடிந்துவிட்டது. பழைய பலகை இரண்டையும் தேடி எடுத்து அடித்தோம்.

பின்னேரம் கொட்டில்களைக் கழற்றும்போது மாமா வந்தார். “அக்கா, கேப் முடிஞ்சுபோச்சு. கடைசி ஓட்டத்துக்கு வெடிக்கேல்லை. சொன்ன சொல்லு சொல்லுத்தான். வள்ளம் கரையில நிக்குது, போவமோ?”

“வாயை மூடடா, குடைக் கள்ளா.”

அதிகாரி கிளம்பும்போது அம்மாவிடம் வந்து, கொஞ்சத் தமிழில், “நல்லா வேலை செய்யுது” என்றார். அவர் சொன்னது துவக்கையா அம்மாவின் குரலையா என்று நான் கேட்கவில்லை. அம்மா தலையை ஆட்டினார். பிறகு என் கையிலிருந்து றிவோல்வரை வாங்கினார். அவர் அதைக் கையில் எடுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். என் கறுத்தக் கைத்துணியைக் கழற்றி அதால் கரியைத் துடைத்து, அதிபரிடம் நீட்டினார்.

“அலுமாரியில வையுங்கோ சேர். ஆனால் ஒண்டு, மீன் எண்ணெய் பூசிப்போடாதேங்கோ.”

அடுத்த வருடம் எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. ஊரை விட்டுப் போனேன். இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பவும் தொடங்கிப் பாதையும் மூடியது, போட்டிகளும் நின்றன. தொலைபேசி கிடைத்த ஒரு நாளில் பயந்துபோய் அம்மாவிடம் கேட்டேன், நிலைமை சரியில்லை, இப்போது அதைக் கடலில் போட்டுவிடுவோமா என்று.

“விசரோ உனக்கு?” என்றார். “அனுமதிக் கடிதம் இருக்கு. அலுமாரி இருக்கு. நீ படி.”

இரண்டாயிரத்து ஒன்பதில் படிப்பு முடித்து வந்தபோது அம்மாவுக்கு ஒரு புதுக் கறுத்தக் குடை வாங்கி வந்தேன். விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், காம்பிலிருந்த கம்பியை விரலால் அமத்தி, அது வெளியே வருகிறதா என்று பார்த்தார். அடுத்த நாள் காலை, தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “வா, பள்ளிக்கூடத்துக்குப் போட்டு வருவம்” என்றார். அப்போதுதான் தெரிந்தது, போட்டி நடக்காத வருடங்களிலும் தை மாதம் தவறாமல் அவர் இப்படிப் போய்வந்திருக்கிறார்.

அதிபர் அலுமாரியைத் திறந்தார். இரும்பு அதே நீலத்தில் இருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, கேப் இல்லாத வெறும் துவக்கைத் தரையைப் பார்க்கப் பிடித்து, காதை அருகே வைத்து, விசையை இழுத்தார். டிக். உருளை நகர்ந்தது. திரும்ப இழுத்தார், அது திரும்பவும் நகர்ந்தது. டிக்.

“ரெண்டும் விழுகுது” என்று சொல்லி என்னிடம் தந்தார்.